விளிம்பை மட்டும் பிடிக்கணும்

நான் கோபக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததில் என் பக்கமும் ஏதாவது நியாயம் இருக்கும் என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாருக்குமே மூக்கு நுனியில்தான் கோபம். எனக்குக் கொஞ்சம் கூடுதல். அதோடு நான் சுத்தக்காரன் என்கிற பெருமை வேறு. இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தன. அவள் மகளின் படிப்பும் அதோடு போயிற்று.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வருஷமாக மழை ஏய்த்துவிட்டது. கரிசல் காடு கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. விதைத்த பருத்தி முழங்கால் உயரம்கூட வரவில்லை. காட்டை நம்பிப் பிரயோசனமில்லை என்று தெரிந்த பிறகு, கோவில்பட்டியில் கழுகுமலை ரோட்டில் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். அலுமினியச் சாமானுக்குக் கலர் ஏற்றுகிற பட்டறை. முதலாளி அதை அனோடைசிங் என்பார். அக்கம்பக்கத்தில் கலர் பட்டறை என்றால்தான் தெரியும். அப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக டம்ளர் வைப்பார்களே, அதெல்லாம் எங்கள் கை பட்டு வந்ததுதான். சோப்பு டப்பா, பேனா மூடி, குங்குமச் சிமிழ், எல்லாம் வரும்.

பட்டறையில் மொத்தமே மூன்று பேர். முதலாளி, நான், முதலில் சொன்ன அந்தப் பெண். கரண்ட் கொடுக்கிற தொட்டியும் சாயத் தொட்டியும் முதலாளி கையில். மற்றதெல்லாம் கழுவுகிற வேலை. அது எங்கள் இரண்டு பேருடையது. 'கழுவுததுதான்வே வேல, கலரு தன்னால ஏறும்' என்று முதலாளி அடிக்கடி சொல்வார். உண்மைதான். கொஞ்சம் அழுக்கோ எண்ணெய்ப்பசையோ இருந்தால் போதும், அந்த இடத்தில் மட்டும் கலர் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். ஏறின பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தத் திட்டு போகாது.

சாமான் வந்ததும் சோப்புத் தண்ணியில் ஊறப்போட்டு, நாரால் தேய்த்து, தகட்டை அச்சில் அழுத்துகிற மிஷினின் எண்ணெயை எடுக்கணும். அதற்குப் பிறகு கொதிக்கக் கொதிக்கக் காஸ்டிக் சோடாத் தொட்டி. உள்ளே இறக்கினதும் அலுமினியம் நுரை தள்ளிப் பொங்கும். அதன் ஆவி மூச்சில் ஏறினால் இருமல் நிற்க ஒரு நாழியாகும். வெளியே எடுத்தால் வெளுத்திருக்காது, கரிச்சட்டி மாதிரி கறுத்திருக்கும். இதுவரைக்கும் அவள் வேலை. அங்கிருந்து நான் வாங்கி, இடுக்கியால் நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு முக்குவேன். கறுப்பு அத்தனையும் கழன்று வெள்ளை வெளேரென்று வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது.

கடைசியாக நல்ல தண்ணியில் அலசணும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணி வாயில் வைக்க விளங்காத உப்பு. அதனால் டிராக்டரில் டேங்க் வைத்து நல்ல தண்ணி வரும். தெருப் பெண்கள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் அதை எடுத்து அலுமினியத்தின் மேல் ஊற்றுவேன். ஊற்றினதும் தண்ணி ஒரே படலமாக முழுசும் பரவி நிற்கணும். எங்கேயாவது முத்து முத்தாகப் பிரிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு முத்து கண்டாலும் விடமாட்டேன். 'இதென்ன தேச்ச லட்சணமா' என்று அந்தச் சாமானைத் தூக்கி அவள் பக்கம் வீசுவேன். அவள் எடுத்து மறுபடி தேய்ப்பாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

தண்ணிச் சோதனை முடிந்ததும், தொட்டிக்குள் தொங்கவிடுகிற கம்பியில் மாட்டணும். அப்போது மட்டும் இடுக்கி உதவாது, கையால்தான் முடியும். ரப்பர் உறை ஒரு ஜோடி வந்து, ஒரு மாதத்தில் கிழிந்து, அதற்குப் பிறகு வரவே இல்லை. அதனால் பட்டறையில் ஒரே ஒரு சட்டம். விளிம்பை மட்டும் பிடிக்கணும். கலர் ஏறுகிற முகத்தைத் தொடக்கூடாது. சுத்தமான அலுமினியத்தில் மனுசக் கை பட்டால் அந்த ரேகையோடு கலர் ஏறிவிடும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அவள் குளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். இங்கே வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் உப்பளத்துக்குப் போவான். வந்தால் காசு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என்னை விட ஆறேழு வயது சிறியவள். என்னை அண்ணாச்சி என்பாள், நான் தங்கச்சி என்பேன். நாக்கு சும்மா சொன்னதுதான். மனசால் சொல்லியிருந்தால் அன்றைக்கு அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

அவளுக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு. அந்தத் தெருவில் அந்த வயதுப் பிள்ளைகள் அநேகமாக எல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டன. விடியுமுன்னால் ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும். பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு தூங்கிக்கொண்டே ஏறும். சாயங்காலம் வரை சட்டத்தில் குச்சி அடுக்கிவிட்டு, மருந்து வாடையோடு திரும்பி வரும். 'எம்புள்ள அந்த பஸ்ல ஏறக்கூடாது அண்ணாச்சி. அதுக்காவத்தான் இந்த நெடியில நிக்கேன்' என்பாள். இதைப் பத்துத் தடவை சொல்லியிருப்பாள். பிள்ளை பத்தாவது முடிக்கணும், டீச்சர் ட்ரெயினிங் போகணும். அந்தப் பட்டறையில் அவள் நின்றது இதற்கு மட்டும்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

காஸ்டிக் அவள் கையைத் தின்றது. விரல் இடுக்கெல்லாம் பிளந்து சிவந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். காலையில் சீயக்காயும் சாம்பலும் போட்டுக் கழுவிவிட்டு வந்து, இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டுவாள். 'பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, பசை இருக்கா?' நான் என்னமோ டாக்டர் மாதிரி மோந்து பார்ப்பேன். 'ம், போ' என்பேன். பட்டறையில் எண்ணெய் தொடாதவன் நான் ஒருத்தன்தான் என்று எனக்கு ஒரு மப்பு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைக்கூட நிறுத்தியிருந்தேன். ஊரில் கேலி பண்ணுவார்கள், நான் சட்டை பண்ணமாட்டேன்.

அந்த வருஷம் பங்குனித் திருவிழாவுக்குக் கழுகுமலைக் கடைக்காரர் ஒருவர் ஒரு வேலை கொண்டுவந்தார். முழங்கை நீளத்துக்கு அலுமினியத் தகடு. வேலும் மயிலுமாக முருகன் அச்சில் புடைத்து நிற்பார். அதற்குப் பொன் கலர் ஏற்றித் தரணும், திருவிழாக் கடையில் விற்க. முந்நூறு தகடு, ஒரு வாரம். அதுவரைக்கும் எங்கள் பட்டறைக்கு வந்ததெல்லாம் டம்ளரும் டப்பாவும்தான். சாமி வந்தது அதுதான் முதல் தடவை.

அவசர வேலை என்பதால் அவளும் என்னோடு நின்று கம்பியில் மாட்டினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தகரம் காய்ந்து உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. இரண்டு நாள் குனிந்த தலை நிமிரவில்லை. அமிலத்திலிருந்து ஒவ்வொரு தகடும் வெள்ளி மாதிரி எழுந்து வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் குலசாமி வேறுதான் என்றாலும் கழுகுமலையான் என்றால் எங்கள் வீட்டில் உயிர். காட்டில் விதைக்கப் போகும்போதும் அந்த மலை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் விதைப்போம்.

மூன்றாம் நாள் காலையில் முதலாளி சாயத் தொட்டியிலிருந்து முதல் கம்பியைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்றுவிட்டார். பொன் கலர் அழகாக ஏறியிருந்தது. ஆனால் முருகனுடைய பாதத்தில் ஒரு மங்கல். அடுத்த தகட்டிலும் பாதத்தில். அதற்கடுத்ததிலும். அநேகத் தகடுகளில் அதே இடத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிக் கிடந்தது. இரண்டொன்றில் ரேகைகூடத் தெரிந்தது.

"இது யாரு கைவே?" என்றார். கோபத்தில் அவர் சத்தம் போடமாட்டார், குரல் இறங்கிவிடும். கடைக்காரர் இன்னும் நாலு நாளில் வந்து நிற்பார்.

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் கையா இருக்குமோ மொதலாளி? நான் விளிம்பத்தான் பிடிச்சேன். அசதியில எங்கயும் பட்டுச்சோ என்னமோ" என்றாள். பாவி, அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சந்தேகம் வந்தால் அதையும் வெளியே சொல்லிவிடுகிற பிறவி.

நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பாதத்தில் மட்டும் ஏன் பட்டது, அசதியில் பட்ட கை இத்தனை தகட்டிலும் ஒரே இடத்தில் ஏன் பட்டது என்று கேட்டிருக்கலாம். சுள்ளென்று ஏறிவிட்டது எனக்கு. இரண்டு நாள் உழைப்பு, இத்தனை நாள் பெருமை, எல்லாம் அந்த மங்கலில் கிடந்தது.

"இன்னும் என்ன 'இருக்குமோ'? தெனம் எண்ணெயில ஊறுத கை இந்தப் பட்டறையில எது? என் கையா?" என்றேன். "எத்தன தடவ சொல்லியிருக்கேன், மேலுக்குக் கழுவினா பத்தாது, பிளந்த தோலுக்குள்ள எண்ணெய் நிக்கும்னு. இவள வச்சிக்கிட்டு இனிமே சாமி வேல பாக்க முடியாது மொதலாளி. ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

தினமும் காலையில் அவள் கையை மோந்து பார்த்து 'போ' என்று அனுப்பினவன் நான்தான். அதை அப்போது நானும் நினைக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே, "நீ நாளையில இருந்து வரவேண்டாம்மா" என்றார். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு கணம் நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம் கையைக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டு, மோசமாகக் கெட்டுப்போனதென்று ஒதுக்கியிருந்த தகடுகளில் ஒன்றைக் காட்டி, "இதுல ஒண்ண நான் எடுத்துக்கிடட்டா மொதலாளி?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். கெடுக்கிறதையும் கெடுத்துவிட்டுச் சாமான் வேறா என்று நான் வாய்க்குள் திட்டினேன்.

மற்ற தகடுகளையெல்லாம் மறுபடி காஸ்டிக்கில் போட்டுக் கலரை உரித்து, முதலிலிருந்து தொடங்கினோம். அவள் வேலையையும் நானே பார்த்தேன். மறுநாள் பத்துப் பதினோரு மணி இருக்கும். முதல் தகட்டை நைட்ரிக்கில் முக்கி, அலசி, தண்ணிப் படலம் உடையாமல் நிற்கிறதைப் பார்த்து, இடது கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். முருகன் ஈரத்தில் மின்னினார். கம்பியில் மாட்டுவதற்காக வலது கை போனது. அந்தக் கை நேராகக் கம்பிக்குப் போகவில்லை. கட்டைவிரல் முருகன் பாதத்தைத் தொட்டது. தொட்ட விரல் என் கண்ணுக்கு வந்தது. வலது கண், இடது கண்.

அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் ஈரம் இருந்தது. என் கையிலிருந்த தண்ணி அது. நான் செய்ததை நானே பார்த்தது அப்போதுதான்.

எங்கள் பக்கத்தில் இது யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கமில்லை. பஸ்ஸில் போகும்போது கோயில் தெரிந்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். காலண்டர் சாமியை ஆணியில் மாட்டும்போதுகூடப் பாதத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டுதான் மாட்டுவோம். மூச்சு விடுகிற மாதிரி அது. முந்நூறு தகட்டில் பாதிக்கு மேல் நான் மாட்டினது. மாட்டின ஒவ்வொன்றையும் நான் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். வியர்த்து வழிந்த முகத்தில் ஒற்றின விரல், அந்தப் பசையோடேயே அடுத்த தகட்டுக்குப் போயிருக்கிறது. டம்ளரை யாரும் கும்பிடமாட்டார்கள், அதனால்தான் அதுவரைக்கும் கெடவில்லை. தேங்காய் எண்ணெயும் இல்லை, அவளும் இல்லை. என் முகத்து வேர்வையும் என் பக்தியும்தான்.

முதலாளி பத்தடி தூரத்தில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தார். 'மொதலாளி' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். அன்றைக்கே ஆள் அனுப்பி அவளைக் கூட்டி வந்திருப்பார். நல்ல மனுஷன்தான். நான் கூப்பிடவில்லை. அந்தத் தகட்டை மறுபடி காஸ்டிக்கிலும் நைட்ரிக்கிலும் முக்கி, அலசி, விளிம்பைப் பிடித்து மாட்டினேன். இரண்டாவது தகட்டிலிருந்து வலது கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன், ஞாபகத்துக்காக.

இந்தத் தடவை ஒரு தகட்டில்கூட மங்கல் இல்லை. முதலாளி என் தோளில் தட்டி, "பாத்தியரா, அவ போனதும் சரியாப் போயிட்டு" என்றார். நான் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போதும் அந்தத் தலையாட்டல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. அவளைத் திட்டினதாவது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வேலை போய்விடும் என்கிற பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். காடு காய்ந்து கிடந்தது, பயமும் இருந்தது. ஆனால் முதல் காரணம் அது இல்லை. ஊருக்கே சுத்தம் சொல்லிக்கொடுத்தவன், என் கையால்தான் கெட்டது என்று எப்படிச் சொல்வது? அந்த வெட்கம்தான். நாளைக்குச் சொல்லுவோம், திருவிழா முடியட்டும் சொல்லுவோம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அந்த நாட்களில் அவள் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பட்டறை வாசல் வழியாகத்தான் போவாள். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி, மஞ்சள் பை. தினமும் அவளைப் பார்ப்பேன். பிள்ளை போகுது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். பரீட்சை நடந்தது. லீவு விட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிறதற்குள் சொல்லிவிடணும் என்று எனக்கு நானே கெடு வைத்தேன். பள்ளிக்கூடம் திறந்தது. நீலப் பாவாடை வரவில்லை.

ஆனி மாதம், ஒரு நாள் விடிகாலையில் ஊரிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ரயில்வே கேட் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் நின்று ஆரன் அடித்தது. ஏறுகிற கூட்டத்தில் தூக்குச்சட்டியோடு அந்தப் பிள்ளை. படிக்கட்டில் கால் வைத்தவள் என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் சைக்கிளை விட்டு இறங்கி, செயின் கழன்ற மாதிரி குனிந்துகொண்டேன். பஸ் போகிற வரைக்கும் நிமிரவில்லை. அதற்குப் பிறகு ரயில்வே கேட் வழியாக வருவதை விட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு மைல் கூடுதல்.

அப்படியே மூன்று வருஷம் ஓட்டினேன். நம்பமாட்டீர்கள். மனுஷன் எதையும் பழகிக்கொள்வான். பட்டறையில் வேறொரு பெண் வந்தாள், போனாள். என் கோபம் கொஞ்சம் குறைந்தது. யாரையும் திட்ட வாயெடுத்தால் பாதியில் நின்றுவிடும். வீட்டில்கூடக் கேட்டார்கள், உடம்புக்கு எதுவும் சரியில்லையா என்று.

ஒரு நாள் சாயங்காலம் அந்த ஆபீஸ் பஸ் எங்கள் பட்டறை வாசலிலேயே டயர் வெடித்து நின்றது. பிள்ளைகள் இறங்கிக் கும்பலாக நின்றன. அவள் மகள் நேரே உள்ளே வந்துவிட்டாள். பதினேழு வயதுப் பெண்ணாக வளர்ந்திருந்தாள். "மாமா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருதீங்களா?" என்றாள். நல்ல தண்ணி டேங்கிலிருந்து மோந்து கொடுத்தேன். வாங்கின கையில் விரல் நுனியெல்லாம் குச்சி குத்திக் காய்ப்பு ஏறியிருந்தது. குடித்துவிட்டு, "அம்மா உங்கள எப்பவும் சொல்லுவாவ மாமா. வேலன்னா அண்ணாச்சி மாதிரி சுத்தமாச் செய்யணும்பாவ. உங்கள ஒரு கொறையும் சொல்லமாட்டாவ" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒற்றை அறை வீடு. அவள் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நிறையப் பசை. என்னைக் கண்டதும் பதறி எழுந்து, பாயை உதறிப் போட்டாள். "வாங்க அண்ணாச்சி, வீட்ல எல்லாரும் சொகந்தானா?" மகள் வெளியே போயிருந்தாள். நான் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் அந்தத் தகடு மாட்டியிருந்தது. பொன் கலர் அப்படியே இருந்தது. எங்கள் வேலை அவ்வளவு சீக்கிரம் மங்காது. பாதத்தில் மட்டும் குங்குமம் அப்பியிருந்தது.

நான் அதையே பார்க்கிறதைக் கண்டு அவளே சொன்னாள். "என் கையால கெட்ட சாமில்லா அண்ணாச்சி. அதான் கொண்டாந்து வச்சேன். தெனம் காலையில இதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கேன். அன்னைக்கு மட்டும் நான் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா எம்புள்ள படிச்சிருக்கும். அவ கட்டிச் சோத்தோட பஸ் ஏறுதப்பல்லாம் என் கையத்தான் பாத்துக்கிடுவேன்."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவள் என்மேல் ஆத்திரத்தில் இருப்பாள், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று வருஷமாக அவள் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவர்ப் பக்கம் போய், வேட்டி முனையால் குங்குமத்தைத் துடைத்தேன். கீழே ரேகை இருந்தது. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. சின்ன வயதில் கம்பு அறுக்கும்போது அரிவாள் பட்டு என் வலது கட்டைவிரலில் விழுந்த தழும்பு அது. விரலை அதன்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"தங்கச்சி, இது என் கை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டுக் கும்பிட்டதை, கட்டைவிரலில் துணி கட்டினதை, தலையாட்டினதை. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கத்தவில்லை. என் விரலைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள். கையிலிருந்த பசை காய்ந்து உரிந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"நீ போன மறுநாள்."

"மறுநாளா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அப்ப அவ பள்ளிக்கூடத்துக்குப் போயிக்கிட்டுத்தான இருந்தா."

அவள் எழுந்து போய்ச் செம்புத் தண்ணியில் கையைக் கழுவினாள். அவசரமே இல்லாமல், விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, பட்டறையில் கழுவுகிற மாதிரியே கழுவினாள். சேலையில் துடைத்தாள். ஆணியிலிருந்து தகட்டை எடுத்தாள். முகத்தில் ஒரு விரல்கூடப் படாமல் இரண்டு பக்கத்து விளிம்பையும் பிடித்து என் முன்னால் நீட்டினாள்.

"இது உங்க சாமி. நீங்களே கொண்டு போங்க அண்ணாச்சி."

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். 'பழைய கதையை எதுக்குவே இப்பம்' என்றார், ஆனாலும் அவளுக்குச் சொல்லி அனுப்பினார். அவள் வரவில்லை. மகளும் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, போகிற வயதும் தாண்டிவிட்டது. அடுத்த தையில் அந்தப் பிள்ளையை விளாத்திகுளம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருந்தாலும் எந்த முகத்தோடு போவேன்.

தகடு என் தகரப் பெட்டிக்குள், பழைய வேட்டிக்கு அடியில் இருக்கிறது. சுவரில் மாட்ட மனசு வரவில்லை. சாமியாச்சே, தூரப் போடவும் முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைப்பேன். அப்போதும் விளிம்பைத்தான் பிடிப்பேன். கை தானாகக் கண்ணுக்குப் போகிற பழக்கம் அவள் தகட்டை நீட்டின அன்றைக்கே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் எந்தக் கோயிலிலும் ஒரு சாமியை நான் தொட்டுக் கும்பிட்டதில்லை.